நாற்பத்தோராயிரம் தாடைகள் பூட்டிக்கொண்ட வியாழக்கிழமை

கீழே வருவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வாயிலிருக்கும் முப்பத்திரண்டு பற்களின் மீதும் சத்தியம். மொத்தமாக அல்ல, ஒவ்வொன்றின் மீதும் தனித்தனியாக. கடைசியில் முளைத்த ஞானப்பற்கள் நான்கின் மீதும் இரண்டு தடவை. கொஞ்சம் கூட்டிச் சொல்லும் பழக்கமுள்ளவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் இதையே வேறு மாதிரி சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

பல்லைப் பார்ப்பவர்கள் வேறு, பல்லைச் செய்பவர்கள் வேறு. செய்பவர்கள் பதினோரு பேர், குறுகலான மாடிப்படியின் உச்சியில் இருந்த ஒரு டென்டல் லேபில் வேலை பார்த்தார்கள். முதலாளியை எல்லோரும் பல்லய்யா என்பார்கள். அவருடைய மகன் பற்களுக்கு மெருகேற்றுவான்; காது மடலில் எப்போதும் வெள்ளைத் தூசு இருக்கும், பேச்சு அநேகமாக இருக்காது. மகனுடைய பங்குப் பேச்சையும் சேர்த்துப் பேச மகள் இருந்தாள்; வரவேற்பு மேஜை அவளுடையது. மகனைக் கட்டிக்கொண்டு வந்தவள்தான் லேபின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டாள். அவளை மாமனார் மருமகள் என்று கூப்பிட, பக்கத்து நாற்காலிக்காரர் மருமகள் என்று கூப்பிட, கடைசியில் கீழே இருந்த வாட்ச்மேனும் "மருமகளே, உங்களுக்குப் பார்சல்" என்று குரல் கொடுக்கும் நிலைக்கு வந்திருந்தது. அவளுக்கே அது தன் பெயர் என்றுதான் பட்டது.

அந்த லேபில் பூட்டு கிடையாது. வாசல் கதவுக்கும் இல்லை, மேஜை இழுப்பறைக்கும் இல்லை. காரணம் கேட்டால் பல்லய்யா சொல்வார்: "இதுவரைக்கும் நான் வாங்கின பூட்டெல்லாம் என்னைத்தான் வெளியில நிறுத்தியிருக்கு. திருடனை ஒரு நாளும் நிறுத்தினதில்ல." பாத்ரூம் கதவுக்குக்கூடத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே போகிறவர் பாட வேண்டும். பாட்டுக் கேட்டால் ஆள் இருக்கிறார், கேட்காவிட்டால் இல்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரிடம் யாரும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கதவை ஒரு முறை சாத்திப் பார்த்தால் தொண்டை தானாகத் திறந்துகொள்ளும். சுருதி அறவே இல்லாத கடைசல்காரர் மட்டும் பதினாறாம் வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொல்வார். அவசரம் இல்லாத நாட்களில் பதினேழாம் வாய்ப்பாடும் கேட்கும்.

கடைசல்காரர் மேய்த்தது ஒரு பெரிய கடைசல் எந்திரத்தை. அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். தனி அறை, தனி ஏசி, தூசு அண்டாமல் கண்ணாடித் திரை. உபசாரத்தில் ஒரு நாள் குறை வைத்தாலும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றுவிடும். முன்காலத்தில் ஆட்களை மாவுக் கட்டியைக் கடிக்கச் சொல்லி அச்சு எடுத்தார்கள். இப்போது மருத்துவமனையில் வாய்க்குள் விரல் பருமனில் ஒரு கேமராவை விட்டுச் சுற்றினால் தாடை முழுவதும் ஒரு கோப்பாகிவிடும். அந்தக் கோப்பு இணையத்தில் எங்கோ வாடகைக்கு எடுத்த கிளவுட் கிடங்குக்குப் போகும். மாப்பிள்ளை அங்கிருந்து அதை இழுத்துப் பார்த்துக் கடைந்து தள்ளுவார். அப்படி அந்தக் கிடங்கில் நாற்பத்தோராயிரத்து இருநூற்றுப் பதினாறு தாடைகள் கிடந்தன, எல்லாம் திறந்தபடி. கிடங்கைப் பார்க்க அனுமதி உள்ள எவரும் எந்தத் தாடையையும் எடுத்துப் புரட்டலாம்.

அவற்றில் முதல் தாடை பல்லய்யாவுடையது. கேமரா வந்த அன்று தன்னைத்தான் முதலில் பிடிக்க வேண்டும் என்று உட்கார்ந்துகொண்டார். வாயைத் திறந்து அசையாமல் இருங்கள் என்றார்கள். திறந்தார். ஆனால் பல் தொழிலின் வரலாற்றை ஆரம்பித்து மூன்று மணி நேரம் பேசிவிட்டார். கேமராவும் விடாமல் பிடித்தது. மற்றவர்களுடைய தாடை ஒரு சட்டைப்பைக்குள் அடங்குமென்றால், பல்லய்யாவுடையதைக் கொண்டுபோக லாரி பிடிக்க வேண்டும்.

இப்படி இருக்கையில்தான் ஒரு நாள் பெரிய மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. பத்துத் தாடைகளில் ஒன்பது அந்த மருத்துவமனை அனுப்புவதுதான். கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது. நோயாளிகளின் ஸ்கேன்கள் எல்லாம் கிடங்கிலேயே என்கிரிப்ட் ஆகி, சாவியில்லாமல் படிக்க முடியாதபடி இருக்க வேண்டும். யாரும் நினைவு வைத்துச் செய்வதாக இருக்கக் கூடாது, தானாக நடக்க வேண்டும். சாவி லேபின் சொந்தச் சாவியாக இருக்க வேண்டும். வியாழக்கிழமை காலை ஆய்வாளர் ஒருவர் நேரில் வருவார். பூட்டாத ஸ்கேன் ஒன்றே ஒன்று கண்ணில் பட்டாலும் மறுநாளிலிருந்து தாடை வராது.

தாடை வராவிட்டால் லேப் இல்லை.  மற்றப் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் மருமகளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் பாத்துக்கறேன்" என்றாள் அவள். சொல்லி முடித்த பிறகுதான் எவ்வளவு பெரிய சொல்லைச் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது.

திங்கட்கிழமை காலை கிடங்கின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தாள். பின்னால் மாமனார், மாமனாருக்குப் பின்னால் நாத்தனார், அவளுக்குப் பின்னால் கடைசல்காரர் என்று ரயில் பெட்டி போல நின்றார்கள். கிடங்கின் சாவியே போதுமா, தனிச் சாவி வேண்டுமா என்று திரை கேட்டது. தனிச் சாவி என்றாள். சாவிக்குப் பெயர் கேட்டது. கடைவாய் என்று வைத்தாள். சேமி என்ற பொத்தானை அழுத்தினாள். பக்கத்தின் மேல் விளிம்பில் பச்சையாக ஒரு பட்டை வந்து போனது.

"முடிஞ்சுது மாமா."

"என்னம்மா முடிஞ்சுது?"

"பூட்டு."

"சத்தமே வரலியே."

"வராது மாமா. நாம பூட்டறதே இல்ல. நாம வைக்கிறோம், அவ்வளவுதான். உள்ள போகும்போதே கிடங்கு அதைக் கன்னாபின்னான்னு கலைச்சு வெச்சுக்கும். உரிமை இருக்கறவங்க கேட்டா, தானா சேர்த்துக் கொடுக்கும். வேற யார் கையில அகப்பட்டாலும் ஒண்ணும் புரியாது."

"யாரும் ஞாபகப்படுத்த வேண்டாமா?"

"வேண்டாம். அதைத்தான் டீஃபால்ட்னு சொல்றது."

பல்லய்யா தாடையைத் தடவிக்கொண்டார். "பாத்ரூம் பாட்டு மாதிரி."

"அதே மாதிரிதான் மாமா."

"அப்படின்னா சரி. எனக்குப் பூட்டுதான் ஆகாது, பாட்டு ஆகும்" என்று அவர் போய்விட்டார். மூன்றே நிமிடத்தில் முடிந்த வேலைக்கு மூன்று மணி நேரம் காபி குடித்துக் கொண்டாடினார்கள். அவ்வளவு சந்தோஷம்.

செவ்வாய்க்கிழமை காலை கடைசல்காரர் கையைப் பிசைந்துகொண்டு வந்தார்.

"மருமகளே, மாப்பிள்ளை முறுக்கிக்கிட்டார்."

"என்னவாம்?"

"கிடங்குக்குப் போறார், கதவு வரைக்கும் போறார், 'அனுமதி இல்லை'ன்னு திரும்பி வந்துடறார். ஏசியைக் கூட்டிப் பாத்தேன், துடைச்சுவிட்டேன், நல்ல வார்த்தையாக் கேட்டும் பாத்தேன். ம்ஹூம்."

மருமகள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். கிடங்கிலிருந்து எடுக்க மாப்பிள்ளைக்கு உரிமை இருந்தது. புதுச் சாவியைத் தொட உரிமை கொடுக்கவில்லை. வீட்டுக்குள் விட்டுவிட்டுப் பீரோ சாவியை மறைத்து வைத்தால் எந்த மாப்பிள்ளைதான் சும்மா இருப்பார்? சாவியின் பட்டியலில் அவர் பெயரையும் சேர்த்தாள். அரை நிமிடத்தில் கண்ணாடித் திரைக்குப் பின்னால் உற்சாகமான உறுமல் கேட்டது. அன்று அவர் முதலில் கடைந்தது நாத்தனாரின் முன்பற்களை. ஆப்பிளைக் கடித்தபடி ஃபோனில் பேசியதில் பழைய செயற்கைப் பல் பாலம் விரிசல் விட்டிருந்தது. ஆப்பிளுக்காகப் பேச்சை நிறுத்தும் வழக்கம் அவளுக்கு இல்லை.

நாத்தனாரைப் பற்றி ஒரு வார்த்தை. கெட்ட எண்ணம் துளிக்கூட இல்லாதவள். ஆனால் ஒரு சமாசாரம் அவள் காதில் விழுந்தால், அது வாய்வழியாக வெளியே வர எடுக்கும் நேரத்தை அளக்க ஆஸ்பத்திரியில்கூடக் கருவி இல்லை. புதுப் பற்களை மாட்டிக்கொண்டு, கண்ணாடியில் இளித்துப் பார்த்துவிட்டு, நேராக மருமகளின் மேஜையோரம் வந்து குனிந்தாள்.

"அண்ணி, எதிர் பேக்கரிக்காரர் இருக்காரே..."

"என்னடி அவருக்கு?"

"அவரோட ழ்ப்டக்ரூ ஙொம்லி ட்றீபூ."

"என்னது?"

நாத்தனார் திகைத்தாள். தொண்டையைச் செருமினாள். மறுபடி ஆரம்பித்தாள். "அவர் தலையில ங்ழூப்தி க்றாட்டு!"

"பல் சரியா உக்காரலியோ" என்று மருமகள் வாயைத் திறந்து பார்த்தாள். பற்கள் அச்சாக உட்கார்ந்திருந்தன. ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணச் சொன்னாள், மணிமணியாக எண்ணினாள். நாக்கு சுளுக்கும் சொற்றொடர்கள் எல்லாம் சொன்னாள். பேக்கரிக்காரர் என்று ஆரம்பித்தால் மட்டும் ழ்ப்டக்ரூ.

அந்த நேரம் பார்த்துப் பேக்கரிக்காரரே ரொட்டிக் கூடையுடன் படியேறி வந்தார். அவரைக் கண்டதும் நாத்தனாரின் வாய் கண்ணாடி மாதிரித் தெளிந்தது. "அண்ணே, உங்க தலையில இருக்கறது விக்குதானே?" என்றாள். பேக்கரிக்காரர் அப்படியே கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். விசித்திரம் என்னவென்றால், அவருக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது; பக்கத்திலேயே நின்ற கடைசல்காரருக்குக் கேட்டது "ட்றீபூ" மட்டும்.

மருமகள் கிடங்கின் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தாள். பூட்டிய ஸ்கேனிலிருந்து கடைந்த பல்லும் பூட்டிக்கொள்ளும் என்று எங்கேயும் போடவில்லை. பிறர் ரகசியம் உடையவருக்கு மட்டும் புரியும், மற்றவர்களுக்குப் புரியாது என்றும் போடவில்லை. கையேடு எழுதுபவர்கள் முக்கியமானதை எப்போதும் விட்டுவிடுவார்கள். அன்று சாயங்காலத்துக்குள் புதுப் பல் வாங்கிப்போன இன்னும் ஆறு பேர் இப்படியே ஆனார்கள். லேபில் ஆளாளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நாத்தனாரை விதவிதமான ரகசியங்கள் சொல்லவைத்து, விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்து முடித்ததும் முகம் வாடியது.

"போங்க. இனிமே யார் என்கிட்ட உக்காந்து பேசுவாங்க?"

மறுநாள், புதன்கிழமை மதியம். எல்லோரும் சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனார் கீழே போய்விட்டு மூக்குச் சிவக்க வந்தாள்.

"இது நியாயமா அண்ணி? படியில தபால்காரர் நிக்கறார். அந்த ழ்ப்டக்ரூ விஷயத்தை வாட்ச்மேன்கிட்ட வாய் நிறையச் சொல்லிக்கிட்டிருக்கார். ஒரு எழுத்து குழறலை! அவர் பல்லும் நம்ம பல்லுதானே? எனக்கு மட்டும் என்ன தண்டனை?"

மருமகளின் கரண்டி பாதி வழியில் நின்றது.

"அவருக்கு எப்ப செஞ்சோம்?"

"மூணு வருஷம் இருக்கும்."

"கீழ் வீட்டு டீச்சர் பல் செட்டு?"

"அதுக்கும் முன்னாடி. அவங்களும் நல்லாத்தான் உளர்றாங்க. பழைய பல்லுக்காரங்க எல்லாரும் ஜாலியா உளர்றாங்க. புதுப் பல்லுக்காரங்களுக்குத்தான் வாய்ல ஈயம் காய்ச்சி ஊத்தின மாதிரி."

மருமகள் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுக் கம்ப்யூட்டருக்கு ஓடினாள். நேற்று வந்த ஸ்கேனைத் தட்டினாள்: பூட்டியிருக்கிறது, சாவி கடைவாய். தபால்காரர் ஸ்கேனைத் தட்டினாள். பூட்டு இல்லை. டீச்சர்: இல்லை. போன மாதத்து ஆள்: இல்லை. திங்கட்கிழமை பொத்தானை அழுத்திய நிமிடத்துக்குப் பிறகு உள்ளே போனவை மட்டும் பூட்டியிருந்தன. அதற்கு முன்பே கிடங்கில் கிடந்த நாற்பத்தோராயிரத்துச் சொச்சமும் கிடந்தபடியே கிடந்தன. கதவுக்கு இன்று காவல் போட்டால் இனி நுழைகிறவரைத்தான் அது சோதிக்கும். நேற்றே உள்ளே வந்து கால் நீட்டிப் படுத்தவரை எழுப்பாது. இதைக்கூட யோசிக்காமல் மூன்று மணி நேரம் காபி குடித்திருக்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆய்வாளர் வர இருபது மணி நேரம்கூட இல்லை.

வழி இருந்தது, அதுவும் லேசான வழி. கிடந்த ஒவ்வொரு ஸ்கேனையும் எடுத்து, அதே பெயரில், அதே இடத்தில், அதன் மேலேயே திரும்ப வைக்க வேண்டும். திரும்ப வைக்கும்போது கிடங்கு அதைப் புதிதாக வந்ததென்று நினைத்துப் பூட்டிவிடும். ஒரே கட்டளை எழுதிவிட்டால் மிச்சத்தை அதுவே வரிசையாகச் செய்துகொள்ளும். வழியில் ஒன்றே ஒன்றுதான் குறுக்கே நின்றது. அது சுவரில், பல்லய்யாவின் கைப்பட, பிளாஸ்டரில் செதுக்கித் தொங்கியது: அனுப்பிய தாடையைத் தொடாதே.

அது விளையாட்டுச் சட்டம் அல்ல. இளவயதில் பல்லய்யா ஒருவருக்கு அனுப்பிய செட்டைத் திரும்ப வாங்கி, மயிரிழை மாதிரி கொஞ்சமே கொஞ்சம் ராவினார். அந்த மனிதரின் சிரிப்பு மாறிப்போய், வீட்டில் மனைவி அடையாளம் தெரியாமல் 'யாருங்க வேணும்' என்று கேட்டு வாசலிலேயே உட்காரவைத்துவிட்டாள். அன்றிலிருந்துதான் அந்தப் பலகை. அதை மீறி லேபில் ஒருவரும் எதையும் தொட்டதில்லை.

"முடியாது" என்றார் பல்லய்யா.

"மாமா, தொட்டு மாத்தப் போறதில்ல. எடுத்து வைக்கப் போறோம்."

"எடுக்கறதே தொடறதுதானேம்மா?"

"நாளைக்கு ஒரு தாடை திறந்திருந்தாலும் எல்லாம் போச்சு மாமா. நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன்."

"சொன்னே. நானும் நம்பினேன். ஆனா நாற்பதாயிரம் பேரோட சிரிப்பு மாறினா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

 மெருகேற்றும் மேஜையிலிருந்து மருமகளின் கணவன் நிமிர்ந்தான். காதைத் துடைத்துக்கொண்டான். அந்த வாரத்தின் முதல் வாக்கியத்தைச் சொன்னான்:

"அப்பா, செட்டு வாங்கிட்டுப் போறவங்ககிட்ட தினமும் என்ன சொல்லி அனுப்பறீங்க?"

"என்ன சொல்வேன்? தினம் படுக்கப் போகும்போது கழட்டு, காலையில எழுந்து மாட்டுன்னு சொல்வேன்."

"கழட்டி மாட்டினா சிரிப்பு மாறுதா?"

   பல்லய்யா நாற்காலியின் மேல் ஏறி, சுவரிலிருந்த பலகையைத் தானே கழற்றி, சட்டையால் துடைத்து, அதே ஆணியில் திரும்ப மாட்டினார். தள்ளி நின்று பார்த்தார். ஒரு எழுத்தும் மாறவில்லை.

"கழட்டி மாட்டும்மா" என்றார்.

மருமகள் கட்டளையை ஓடவிட்டாள். ஆயிரம், இரண்டாயிரம் என்று எண்கள் ஏறின. வீட்டுக்குப் போகும்போது ஒன்பதாயிரம். வியாழக்கிழமை காலை எல்லோரும் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து திரையைச் சுற்றி நின்றார்கள். நாற்பத்தோராயிரத்து இருநூறு. இருநூற்றுப் பத்து. இருநூற்றுப் பதினைந்து. நின்றது.

"இன்னும் ஒண்ணு" என்றார் கடைசல்காரர்.

"தெரியுது."

"தோல்வின்னு போட்டிருக்கு."

"தெரியுதுண்ணே."

"யாரோட தாடை?"

மருமகள் பெயரைப் பார்த்தாள். மெதுவாக மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள்.

"நான் என்ன பண்ணேன்?" என்றார் பல்லய்யா.

"மூணு மணி நேரம் பேசினீங்க மாமா. ஒரு அளவுக்கு மேல பெருசா இருந்தா ஒரே மூச்சுல எடுத்து வைக்க முடியாது. துண்டு துண்டாத்தான் தூக்கணும். கால் மணி நேரமாவது ஆகும்."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

ஆய்வாளர் ஒல்லியான அம்மாள். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். சிரிப்பு என்பதை யாரோ கடன் கேட்டு வாங்கிப்போய்த் திருப்பித் தராதது போன்ற முகம். நாத்தனார் வரவேற்பு மேஜையிலிருந்து துள்ளி எழுந்தாள்.

"வாங்க மேடம், உக்காருங்க மேடம், வெயில் எப்படி மேடம்?"

"உட்கார நேரமில்ல. கம்ப்யூட்டர் எங்க இருக்கு?"

"இதோ மேடம். அதுக்கு முன்னாடி மூஞ்சி கை கழுவிக்கறீங்களா? படியெல்லாம் பிளாஸ்டர் தூசு. கண்ணாடியில ஒட்டியிருக்கு பாருங்க."

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். ஒட்டித்தான் இருந்தது, ஒட்டவைத்தது யார் என்பது வேறு விஷயம். பாத்ரூமுக்குள் போனார். ஒரு கணத்தில் கதவு திறந்து தலை மட்டும் வெளியே வந்தது.

"இதுக்குத் தாழ்ப்பாள் இல்லையே?"

"பாடணும் மேடம்."

"என்ன பண்ணணும்?"

"பாடினா யாரும் வர மாட்டோம். எங்க வழக்கம்."

கதவு சாத்திக்கொண்டது.  பிறகு, தயங்கித் தயங்கி ஒரு முனகல். பிறகு ஒரு வரி. அதற்குப் பிறகு வந்ததைச் சொல்ல வார்த்தை போதாது. முப்பது வருடமாக அறிக்கை எழுதியே வறண்டுபோயிருந்த அந்தத் தொண்டையிலிருந்து தேன் வழிந்தது. மெருகேற்றும் சக்கரம் தானாக நின்றது. மாப்பிள்ளை உறுமலைச் சுருதிக்குத் தோதாக இறக்கிக்கொண்டார். பேக்கரியிலிருந்து ரொட்டி கருகும் வாசனை வந்தது. அங்கேயும் ஆட்கள் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டார்கள். ஆய்வாளர் கைகழுவி முடித்து வெகுநேரமாகியிருக்கும். பாட்டு முடியவில்லை. ஒன்று முடிந்து இன்னொன்று எடுத்தார்.

மருமகளுக்கு மட்டும் கேட்க நேரமில்லை. பல்லய்யாவின் தாடை துண்டு துண்டாகப் போய்க்கொண்டிருந்தது. கீழ்வரிசை போனது. மேல்வரிசை போனது. பல் தொழிலின் வரலாறு மட்டும் மிச்சமிருந்தது. மூன்றாவது பாட்டின் கடைசி வரி இழைந்து அடங்கவும், திரையில் நாற்பத்தோராயிரத்து இருநூற்றுப் பதினாறு என்று விழவும் சரியாக இருந்தது.

ஆய்வாளர் வெளியே வந்தபோது கன்னம் சிவந்திருந்தது. பதினோரு பேரும் கைதட்டினார்கள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முகத்தைப் பழையபடி இறுக்கப் பார்த்தார், அது ஒத்துழைக்கவில்லை.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரு தாடையைத் தொட்டார். ஐந்து வருடப் பழசு, பூட்டியிருந்தது. இன்னொன்று, பூட்டியிருந்தது. வேண்டுமென்றே மிகப் பழையதாகப் பார்த்துப் பல்லய்யாவுடையதைத் தொட்டார்.  பூட்டியிருந்தது, சாவி கடைவாய். சாவி உரிமை இல்லாத ஒரு கணக்கு வழியாகத் திறக்கச் சொன்னார். அனுமதி இல்லை என்று வந்தது. ஒரு வெற்றுக் கோப்பை எதுவும் சொல்லாமல் கிடங்கில் போடச் சொன்னார். போட்ட உடனே பூட்டிக்கொண்டது.

"ஆட்கள் எப்படி? வாயைக் கட்டுவாங்களா?" என்று நாத்தனார் பக்கம் திரும்பினார். "நேத்து யாரெல்லாம் பல் வாங்கிட்டுப் போனாங்க, சொல்லும்மா?"

நாத்தனார் உண்மையாகவே சொல்ல ஆசைப்பட்டாள். "நேத்து வந்தது ஞ்சூப்ளி, அப்புறம் டொக்ழா ம்ரூ, அப்புறம் அவரோட ரெண்டாவது ட்ஸ்ழீ!"

ஆய்வாளர் அறிக்கையில் இப்படி எழுதினார்: கிடங்கு முழுவதும் பூட்டப்பட்டுள்ளது. ஊழியர்களும். பிறகு கீழே கையெழுத்துப் போட்டார்.

மருமகள் அழவில்லை. அழுததாகச் சொல்பவர்கள் கூட்டிச் சொல்கிறவர்கள். பிளாஸ்டர் தூசு கண்ணில் பட்டது. மாமனார் அவள் தலையில் கை வைத்து, ஏதோ பெரிதாகச் சொல்ல வந்து, "நல்லாக் கழட்டி மாட்டினேம்மா" என்று மட்டும் சொன்னார். மூன்று மணி நேரம் பேசக்கூடிய மனிதருக்கு அது மூன்று வார்த்தைதான். ஒரு வாரத்தில் மாடிப்படி வாசலில் புதுப் பலகை வந்தது: மருமகள் டென்டல் லேப்.

அந்த வியாழக்கிழமை காலை தபால்காரர் படியில் வாட்ச்மேனிடம் ஏதோ சுவையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், தன்னுடைய தாடை பூட்டிக்கொண்ட நிமிடத்தில் "ஙொம்லி" என்று நின்றுபோனார். ஊர் முழுக்க அப்படித்தான். இனி யாரும் சொல்ல முடியாது என்று தெரிந்ததும் பேக்கரிக்காரர் விக்கைக் கழற்றி வைத்துவிட்டு, காற்றாட வழுக்கைத் தலையோடு ரொட்டி சுட்டார். ஆய்வாளர் மாதம் ஒரு முறை மறு ஆய்வுக்கு வந்தார். வந்ததும் நேராகப் பாத்ரூமுக்குத்தான் போவார், போய்வரும் வரை ஒருவரும் வேலை செய்யமாட்டார்கள்.

நாத்தனார்தான் எல்லோரையும்விடச் சந்தோஷமாக இருந்தாள். எதைச் சொன்னாலும் அவளிடமிருந்து வெளியே போகாது என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. காலையிலிருந்து வரவேற்பு மேஜை முன்னால் ஆட்கள் வரிசையில் நின்று, முறை வைத்து, தங்கள் ரகசியத்தை அவள் காதில் சொல்லிவிட்டுப் போனார்கள். முன்பு பத்துக் காதில் போட்டு இரண்டு சமாசாரம் வாங்குவாள். இப்போது உட்கார்ந்த இடத்தில் நாற்பது. அத்தனையையும் மடியில் கட்டிக்கொண்டு மகாராணி போல உட்கார்ந்திருந்தாள்.

சத்தியம் செய்த இந்த வாயிலிருந்து கடைசிப் பல்லும் விழுந்து பதினோரு வருடமாகிறது.